பிடுங்கிய ஆறு டைலின் முதுகைப் பார்த்தாயா?

கேள்வி: அண்ணே, எனக்கு 24 வயது. புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு மாதம் டைல்ஸ் வேலை பழகி, ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி, சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. சான்றிதழில் டைல் வேலை என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் சைட்டில் டைல் பெட்டி தூக்குவதும் பசை கலக்குவதும்தான் எனக்கு வேலை. போன மாதம் ஒருநாள் ஆள் குறைந்தது என்று கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். தரையில் ஆறு டைல் ஒட்டினேன். மறுநாள் சூப்பர்வைசர் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் ஆறையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிறகு கரண்டி கிடைக்கவே இல்லை. அம்மா நகையை அடகு வைத்துத்தான் ஏஜெண்டுக்குப் பணம் கட்டினேன். டோமில் (தொழிலாளர் விடுதியில்) ஒரு அண்ணன், "ஞாயிற்றுக்கிழமை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் பாத்ரூம் வேலைக்கு வா, கையும் பழகும், 120 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) வரும்" என்கிறார். போகலாமா? இந்தத் தொழிலில் நான் ஆளாக எவ்வளவு நாள் ஆகும்?
— பெயர் வேண்டாம், துவாஸ்

பதில்: தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேசிவிடுவோம். போகாதே. உன் வேலை அனுமதியில் எந்த கம்பெனி பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் நீ வேலை செய்யலாம். வேறு யாருக்காவது ஒருநாள் கரண்டி பிடித்தாலும் அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி இங்கே வரவும் முடியாமல் போகலாம். இன்னொன்றும் யோசித்துப் பார். வீவக வீட்டில் ஞாயிறன்று புதுப்பிப்பு வேலைக்கே அனுமதி கிடையாது. டைல் வெட்டுவது, பழைய டைலை உடைப்பது போன்ற சத்த வேலையெல்லாம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனிக்கிழமைகூடக் கூடாது. கட்டி முடித்து மூன்று ஆண்டு ஆகாத வீட்டில் பாத்ரூம் டைலைத் தொடவே விடமாட்டார்கள், அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதால். அப்படியிருக்க ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள் என்றால், அந்த வேலையில் ஒன்றுக்கு இரண்டு விதி மீறப்படுகிறது. கிரைண்டர் கையைக் கிழித்தால் யார் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவாய்? அடகில் இருக்கும் நகையை நினைத்தால் 120 வெள்ளி பெரிதாகத்தான் தெரியும். அந்த நகையை மீட்க உனக்கு இருக்கும் ஒரே வழி இந்தப் பெர்மிட். அதைப் பணயம் வைக்காதே.

இனி அந்த ஆறு டைல். உன் கடிதத்தில் நான் தேடியது ஒன்று, அது இல்லை. பிடுங்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய், பிடுங்கிய டைலைத் திருப்பிப் பார்த்தேன் என்று எழுதவில்லை. அவமானத்தில் தோன்றியிருக்காது, புரிகிறது. ஆனால் அன்றைக்கு உனக்குச் சொல்லித்தர சைட்டில் இருந்த ஒரே வாத்தியார் அந்த டைலின் முதுகுதான்.

பசையெல்லாம் தரையிலேயே தங்கி, டைலின் முதுகு துடைத்துவிட்ட மாதிரி வந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். புது டைலின் முதுகில் வெள்ளையாக மாவு போல ஒன்று படிந்திருக்கும். சூளையில் உருளையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசுவது அது. ஈர ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைக்காவிட்டால் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. இல்லையென்றால், நீ பசையைத் தரையில் நிறைய தூரம் பரப்பிவிட்டு, ஒவ்வொரு டைலாக மட்டம் பார்த்து மெதுவாக வந்திருப்பாய். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இப்படித்தான். அதற்குள் மேலே ஆடை கட்டிவிடும். நம் ஊர் வெயிலில் எப்படியோ, இங்கே உயரமான மாடியில் ஜன்னல் மாட்டாத வீட்டில் காற்று அடிக்கும்போது, பசைப் பையில் அச்சிட்டிருக்கும் நேரத்தில் பாதிகூட நிற்காது. விரலால் தொட்டுப் பார். விரலில் ஒட்டினால் டைலிலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் சுரண்டி எறி. மேலே தண்ணீர் தெளித்துச் சரிசெய்ய நினைக்காதே.

பசை முழுக்க டைலோடு வந்து, தரை வெறுமையாக இருந்திருந்தால் தரையில் தூசி இருந்திருக்கிறது. பெருக்கியது போதாது, துடைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பல் கரண்டி இழுத்த கோடு கோடான வரிசை நசுங்காமல் அப்படியே நின்றிருந்தால், நீ டைலை வைத்திருக்கிறாய், அழுத்தவில்லை. கோடுகளை எல்லாம் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். டைலை வைத்த பிறகு கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி மேடு பள்ளத்தில் விழும். கோடு நெடுக நகர்த்தினால் காற்று உள்ளேயே கிடக்கும். உன் ஆறும் இதனால்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். பயிற்சி நிலையத்தில் பெரும்பாலும் சின்ன டைலில்தான் கை பழகியிருப்பாய். இங்கே 600க்கு 600 ஹோமோஜீனியஸ் டைல். ஒன்றே எட்டுக் கிலோ வரும். தன் எடையிலேயே அமர்ந்துவிடும் என்று தோன்றும், அமராது. தண்ணீரை அநேகமாக உறிஞ்சாத டைல் அது, எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூடக் குடிக்காது. அதனால்தான் ஊர் வழக்கப்படி சிமெண்ட் பாலில் ஒட்டினால் சில வருடத்தில் கழன்றுவிடுகிறது. அதற்கென்று வரும் பசைதான் வேண்டும், முதுகிலும் மெல்லிதாகத் தேய்க்க வேண்டும்.

சூப்பர்வைசர் மேல் கோபப்படாதே. இங்கே 1989லிருந்து கான்குவாஸ் என்று ஒரு தர மதிப்பீட்டு முறை நடக்கிறது. மதிப்பிட வருபவர் தட்டிப் பார்ப்பார், உள்ளே காலியாகக் கேட்கக் கூடாது. 1.2 மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பக்கத்துப் பக்கத்து டைல் ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. குடிவந்தவர் வீட்டில் நடக்கப்போவதை நினைத்தும் தட்ட வேண்டியிருக்கிறது. 2018 தொடக்கத்தில் மழையும் குளிருமாக இருந்த நாட்களில், தீவில் பல வீடுகளில் தரை டைல் திடீரென்று உப்பிக்கொண்டு வெடித்தது. வீட்டில் கிழவியும் குழந்தையும் இருக்கும்போது கூடத்துத் தரை படார் என்று எழும்பினால் எப்படியிருக்கும்! வெப்பம் மாறும்போது டைலும் காங்கிரீட்டும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. பிடிப்பு அரைகுறையாக இருந்து, சுவரோரம் நகர இடமும் விடாமல் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால், அது போவதற்கு மேலே தவிர வழியில்லை. ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) மறைக்கப்போகிற ஓரம்தானே என்று அடைத்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நீ அடைக்காதே.

என்னைப் பற்றிச் சொல்கிறேன், உனக்கு ஆறுதலாக இருக்கும். வந்த இரண்டாம் வருடம், ஒரு பாத்ரூம் தரையை முழுசாக என்னிடம் விட்டார்கள். ரசமட்டம் வைத்து, கண்ணாடி போல மட்டமாகப் போட்டுவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார் சிஃபு, அதாவது எனக்கு வேலை சொல்லித்தந்த மூத்த கைகாரர். தண்ணீர் அப்படியே நின்றது, கொஞ்சம் கதவுப் பக்கம் திரும்பியது. வாட்டம் வைக்க மறந்திருந்தேன். குளியலறைத் தரைக்கு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டராவது தண்ணீர் வெளியேறும் துளைப் பக்கம் சரிவு வேண்டும். இரண்டு நாள் வேலையை நானே உளியால் உடைத்தேன். அவர் திட்டவில்லை. மொழி தெரியாததால் திட்டவில்லையோ என்னவோ. வாளியை மட்டும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பாத்ரூமிலும் முதல் டைலுக்கு முன்னால் அந்தத் துளை வரை சரிவுக்கு நூல் கட்டாமல் நான் பசை தொட்டதில்லை.

பசை கலக்கும் வேலையைச் சின்ன வேலை என்பது போல எழுதியிருக்கிறாய். சைட்டில் எந்தத் தரை நிற்கும் எந்தத் தரை எழும்பும் என்பதில் பாதி அந்த வாளியில் முடிவாகிறது. முதலில் தண்ணீர், பிறகு பசைத் தூள். மெதுவாகச் சுற்றும் மிக்ஸர். கலந்ததும் ஐந்து பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒரு சுற்று. இறுகிப்போனது என்று நடுவில் யாராவது தண்ணீர் கேட்டால் கொடுக்காதே, புது வாளி கலந்து கொடு. இதை நீ ஒழுங்காகச் செய்தால் சிஃபு கவனிப்பார். அவர் சீனராக இருக்கலாம், பங்களாதேஷ் பாயாக இருக்கலாம், பேச்சு புரியாமலும் போகலாம். கையைப் பார்த்துக்கொண்டிரு. எந்த மூலையிலிருந்து தொடங்குகிறார், ஓரத்தில் கீற்றுத் துண்டு விழாமல் இருக்க முதலில் எப்படிக் காய்ந்தபடி அடுக்கிப் பார்க்கிறார், அறை மூலை நேர்கோணமா என்று 600, 800, 1000 அளவு பிடித்து எப்படிச் சரிபார்க்கிறார். மத்தியான ஓய்வில் வெட்டித் தள்ளிய துண்டுகளை எடுத்து ஒரு பலகையில் ஒட்டு, உடனே பிடுங்கிப் பார், மறுபடி ஒட்டு. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டைலைக் காய்ந்தபடி கிரைண்டரில் வெட்டாதே. தண்ணீர் விட்டு வெட்டு, மாஸ்க் போடு. அந்த வெள்ளைத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பாகிவிட்டால் அதை மாற்ற மருந்து இல்லை. மாஸ்க் தராவிட்டால் கேட்டு வாங்கு, கேட்பதில் வெட்கமில்லை. முழங்காலுக்குப் பட்டை கட்டு. 24 வயதில் வலிக்காது, எனக்கு இப்போது படி ஏறும்போதெல்லாம் வலிக்கிறது.

எவ்வளவு நாள் என்று கேட்டாய். கவனமாக இருந்தால் ஒரு வருடத்தில் கூடத்துத் தரையை உன்னை நம்பி விடுவார்கள். ஒரு பாத்ரூமை முதலிலிருந்து முடிவுவரை ஒப்படைக்க மூன்று வருடமாவது ஆகும். புதுக் கட்டடங்களில் பாத்ரூமே தொழிற்சாலையில் டைல் ஒட்டி முழுசாக வந்து இறங்குகிறது, அதனால் அந்த வேலை முன்பைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். வரும்போது விட்டுவிடாதே. சம்பளம் பற்றி ஒன்று தெரிந்துகொள். 2024 ஜனவரி முதல், உன்னைப் போல அடிப்படைத் திறன் ஊழியருக்கு உன் கம்பெனி அரசுக்கு மாதம் 900 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஊழியர் வரி) கட்டுகிறது. உயர்திறன் ஊழியர் என்று பதிவானால் 500தான். அந்த 400 வெள்ளி மிச்சம் முதலாளிக்கு. அதைச் சொல்லித்தான் நீ சம்பள உயர்வு கேட்க வேண்டும். உயர்திறனுக்குப் போக எத்தனை வருட அனுபவம், எந்தத் தேர்வு என்று கம்பெனி எச்.ஆரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள். லெவியை உன் சம்பளத்தில் பிடிக்க யாருக்கும் உரிமை கிடையாது, அதையும் நினைவில் வை.

அந்த ஆறு டைலின் துண்டுகள் குப்பைத் தொட்டியில் இன்னும் கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பார். பசை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு எழுது.