பெயர் பதிவேட்டில், பிள்ளை வீட்டில்

அன்புள்ள அக்கா,

ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டிப் பக்கம் எங்கள் ஊர். தங்கச்சி மகளுக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். ஐந்தாம் வகுப்புவரை தெருவிலேயே பள்ளி, தூக்கிக்கொண்டு போய் விட்டோம். ஆறாம் வகுப்புக்குத் தூரம் போக வேண்டும். "பெயர் பதிவேட்டில் இருக்கட்டும், டீச்சர் வீட்டுக்கே வருவார், உங்களுக்கும் சிரமமில்லை" என்கிறார்கள் பள்ளியில். அதுதான் நல்லதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நல்லதில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளை விரும்பினால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. முடிவு பிள்ளையுடையது, பள்ளியுடையது இல்லை. உங்கள் மருமகளிடம் யாராவது கேட்டார்களா? டீச்சர் வந்து போனால் பாடம் நடக்கும். கூடப் படிக்கிறவர்களோடு சண்டை போட்டு, சமாதானமாகி, சத்துணவுக்கு ஒன்றாக உட்காருவது எப்படி நடக்கும்?

நம் கடற்கரைப் பள்ளிகள் பலவற்றில் சாய்தளம் இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. அது இறங்குகிற இடத்தில் மணல். சக்கரம் அங்கேயே புதைந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் சாய்தளத்தின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது சாய்தளம் வேண்டும். இரண்டடி உயர வராந்தாவுக்கு ஆறடியில் கட்டிவைத்தால் பிள்ளை தானாக ஏற முடியாது, பின்னால் ஆள் நின்று தள்ள வேண்டும். கழிப்பறை இன்னும் மோசம். கதவில் நாற்காலி நுழையாது. அதனாலேயே சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் கழிப்பறை, சாய்தளம்கூட அப்புறம்தான்.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்காதீர்கள். கட்டடமும் வளாகமும் இந்தப் பிள்ளைகள் புழங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிப்பது அவள் உரிமை. வட்டார வள மையத்தில், அதாவது உங்கள் வட்டாரத்துக் கல்வித்துறை அலுவலகத்தில், போக்குவரத்து உதவித்தொகையும் துணைக்கு வருபவருக்கான உதவித்தொகையும் கேட்டு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வகுப்பு மாடியில் என்றால் அந்தப் பிரிவைக் கீழே மாற்றச் சொல்லுங்கள், அதற்குக் காலணா செலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உங்கள் தங்கச்சியே போய்ப் பேசட்டும், கழிப்பறையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

மனுவுக்குப் பதில் வரட்டும் என்று மட்டும் அவளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்தத் திங்கட்கிழமையே கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
அக்கா