கறுப்பு அலகும் மொட்டைத் தலையும்

வணக்கம். நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டுத் தீனிப்பெட்டிக்கு வரும் பழுப்புப் பறவை உடம்பெல்லாம் நடுங்குகிறது, அலகும் கறுத்திருக்கிறது, பிடித்து உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடிக்காதீர்கள். அது கார்டினல் என்ற பறவையின் குஞ்சு. வளர்ந்த கார்டினலுக்குத்தான் அலகு ஆரஞ்சு கலந்த சிவப்பு. குஞ்சுக்குக் கறுப்பாக இருந்து, இலையுதிர் காலத்தை ஒட்டி மெல்ல நிறம் மாறும். இறக்கையைப் படபடவென்று அடிப்பது சாப்பாடு கேட்பதற்கு. பக்கத்தில் சிவப்பு ஆண் பறவை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டை விட்டு வந்த பிறகும் சில வாரம் பெற்றோர் ஊட்டும். தாய் அடுத்த முட்டைக்குப் போய்விட்டால் அந்த வேலை பெரும்பாலும் அப்பாவுடையது. சூரியகாந்தி விதையை உடைத்து அவர் ஊட்டுவதைப் பார்க்கக் கிடைத்தால் உங்கள் கவலை போய்விடும்.

மொட்டைத் தலைப் பறவைக்கும் பயப்பட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் இறகு உதிர்க்கும்போது சில கார்டினல்களுக்கும் நீல ஜே என்ற பறவைகளுக்கும் தலை இறகு மொத்தமாகக் கொட்டிவிடும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் முளைத்துவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கண்களை. ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு பறவை எதற்காவது கண் வீங்கி, பொருக்குத் தட்டியிருந்தால் அது தொற்றுநோய். அப்போது பெட்டியை உடனே இறக்கி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஓரிரு வாரம் கழித்து மறுபடி மாட்டலாம்.