வீட்டுக்குள் பீய்ச்சும் கடுவன் பூனை: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கேள்வி: குன்னூர் பக்கம், டீ எஸ்டேட்டை ஒட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. நான், கணவர், ஐந்தாவது படிக்கும் மகள், மாமியார். இரண்டு வருடம் முன்பு விறகுக் கட்டுக்குள் கிடைத்த குட்டி இப்போது பெரிய கடுவன் பூனை. செம்பன் என்று பெயர். அவன் வந்த பிறகு எலித் தொல்லையே இல்லை. ஆனால் சில மாதங்களாக வீட்டுக்குள் மூத்திரம் பீய்ச்சுகிறான். அரிசி டிரம், ஜன்னல் திரை, பூஜை அறை நிலைப்படி, கடைசியாக மாமியாரின் கம்பளி. பினாயில், டெட்டால், நீலகிரித் தைலம் எல்லாம் போட்டுத் துடைத்தாயிற்று. அடித்தும் பார்த்தோம். மாமியாருக்கு வீசிங் உண்டு. "அது இருந்தா நான் மேட்டுப்பாளையத்துக்குச் சின்னவன் வீட்டுக்குப் போயிடறேன்" என்கிறார். சாக்கில் போட்டு ஏதாவது எஸ்டேட்டில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். மகள் அழுகிறாள். என்ன செய்யட்டும், டாக்டர்? ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை.
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் செம்பனுக்கு ஆபரேஷன் செய்யுங்கள். வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்ற பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கடுவன் பூனை வயதுக்கு வந்துவிட்டால், இது தன் இடம் என்று மற்றக் கடுவன்களுக்கும், தான் இங்கே இருப்பதாகப் பெட்டைகளுக்கும் தெரிவிக்கத்தான் பீய்ச்சுகிறது. அந்த மூக்கைத் துளைக்கிற நெடிக்கும் ஆண் ஹார்மோன்தான் காரணம். விதை நீக்கிய கடுவன்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பீய்ச்சுவதை விட்டுவிடும், அல்லது நன்றாகக் குறைத்துவிடும். பல பூனைகளிடம் சில வாரத்திலேயே மாற்றம் தெரியும். சில பூனைகள் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பீய்ச்சுகிற பூனை உட்காராது. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கும். வாலை நேராகத் தூக்கும், வால் நுனி படபடவென்று நடுங்கும், பின்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி மிதிக்கும். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் கொஞ்சமாகத் தெறிக்கும். டிரம்மும் நிலைப்படியும் அப்படித்தான் நனைந்திருக்க வேண்டும். என்னை யோசிக்க வைப்பது கம்பளிதான். விரித்துக் கிடந்த கம்பளியில் உட்கார்ந்து நிறையப் போயிருந்தால் மூத்திரப் பையில் கோளாறு இருக்கலாம். அடிக்கடி உட்கார்ந்து முக்குவது, சொட்டுச் சொட்டாக வருவது, ரத்தம் கலப்பது, போகும்போது கத்துவது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டியிருந்தாலும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

சரி, வாடைக்கு வருவோம். நீங்கள் போட்ட மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள், குறிப்பாகத் தைலத்தை. நம் மலையில் சளிக்கும் தலைவலிக்கும் கை முதலில் போவது நீலகிரித் தைலத்துக்குத்தான். ஆனால் அதுவும் சரி, பினாயிலும் டெட்டாலும் சரி, பூனைக்கு விஷம். அதன் ஈரலுக்கு அவற்றை முறித்து வெளியேற்றும் சக்தி குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். எச்சில் ஒழுகும், தள்ளாடும். அதோடு, இவ்வளவு கடுமையான புது வாசனை வந்தால், தன் வாசனை போய்விட்டதென்று அதே இடத்தில் மறுபடி பீய்ச்சும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மூத்திரத்தோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் புகை கிளம்பும். வீசிங் உள்ளவர் இருக்கிற வீட்டில் அது ஆகவே ஆகாது.

என்சைம் கலந்த துணி சோப்புத்தூள், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், ஒன்று வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கறை பட்ட இடத்தைச் சுற்றி ஒரு முழம் சேர்த்து நனைத்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, என்சைம் செத்துவிடும். நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, பிறகு பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடையுங்கள். அந்த நேரம் அடுப்பும் விளக்கும் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், மாமியார் வேறு அறையில் இருக்கட்டும். வார்னிஷ் போன மரநிலை மூத்திரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நன்றாகக் காய்ந்தபின் ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள். கம்பளிக்கு மட்டும் அந்தத் தூளைப் போடாதீர்கள். கம்பளியும் புரதம்தானே, அந்த என்சைம் அதையே அரித்துவிடும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்து, கம்பளிக்கென்று விற்கிற திரவ சோப்பில் அலசுங்கள்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மழையும் மூட்டமும் நாள் கணக்கில் நிற்கும்போது, எப்போதோ பீய்ச்சிய இடமெல்லாம் ஈரம் கோத்து மறுபடி நாறும். செம்பன் நேற்றுத்தான் பீய்ச்சினான் என்று நினைத்து அவனை அடிப்பார்கள். பூனைக்கு அடியும் குற்றமும் சேர்த்துப் புரியாது. பயம்தான் கூடும், பயந்த பூனை இன்னும் அதிகமாகப் பீய்ச்சும். ரூபாய் நோட்டுச் சோதிக்கிற புற ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பழைய கறை தனியாகத் தெரியும்.

ஜன்னல் திரை நனைகிறது என்றீர்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே சாயங்காலத்தில் வேறு கடுவன் ஏதாவது வந்து உட்காருகிறதா? எஸ்டேட் லைன் வீடுகளில் ஆபரேஷன் ஆகாத கடுவன்கள் நிறையத் திரியும். அதைப் பார்க்கிற ஆத்திரத்தைத்தான் செம்பன் உள்ளே காட்டுகிறானோ என்னவோ. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் தாள் ஒட்டிவிடுங்கள், வெளியே சோறு, மீன் கழிவு போடாதீர்கள். சுத்தம் செய்த இடங்களில் ஒன்றில் அவன் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள், இன்னொன்றில் படுக்கையைப் போடுங்கள். சாப்பிடுகிற இடத்தில் பூனை பீய்ச்சுவது அபூர்வம். வாசல் பக்கம் ஒரு மரக்கட்டையில் சாக்கைச் சுற்றி நட்டுவைத்தால், பிறாண்டி அங்கே தன் அடையாளத்தை விட்டுக்கொள்வான்.

ஆபரேஷனுக்கு எப்போதிருந்து பட்டினி போட வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு, அதன்படி செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியும் குறையும். மூடி போட்ட கூடையில் கொண்டுபோங்கள். மயக்கம் தெளிகிற பூனைக்கு உடம்பு சில்லிட்டுவிடும். திரும்பி வரும்போது கம்பளித் துண்டில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கே தடுப்பூசிகள் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மாமியார் பக்கமும் நியாயம் இருக்கிறது. படுக்கிற கம்பளியில் மூத்திர நாற்றம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் அறைக்குள் செம்பன் இனி வரக்கூடாது, கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். அவருடைய துணிமணிகளைத்தான் முதலில் துவைக்க வேண்டும். வீசிங்குக்குப் பூனையும் காரணமா என்று அவர் பார்க்கிற மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். ஆமாம், தூண்டுகிறது என்று அவர் சொல்லிவிட்டால், ஆபரேஷன் முடிந்து காயம் ஆறியதும் செம்பனுக்கு வேறு வீடு பாருங்கள். இதில் நான் பூனை பக்கம் பேச மாட்டேன். பூனை காரணமில்லை என்றால், மூன்று மாதம் தவணை கேளுங்கள். அப்போதும் பீய்ச்சினால் மருத்துவர் மனப்பதற்றம் குறைக்கும் மாத்திரை தந்து பார்க்கலாம். வீட்டில் யாருக்கோ வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கணவர் சொல்லும் சாக்கு மூட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டென்று உங்களுக்கே தெரியும். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனையை அங்கே விட்டால் சிறுத்தையோ நாயோ பிடிக்கும், இல்லையென்றால் பசியும் குளிரும். தப்பிப் பிழைத்தால் சோலைப் பறவைகளையும் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றமும்கூட. இதைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வேறு வீடு பார்க்கும் நிலை வந்தால், வேறு பூனை இல்லாத, கொஞ்சம் தோட்டம் உள்ள வீடாகப் பாருங்கள். பூனைகள் நெருக்கியடித்து இருக்கிற இடத்தில்தான் பீய்ச்சலும் கூடும். இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் அங்கே தனிக்காட்டு ராஜாவாக அடங்கிப்போகலாம். பீய்ச்சுகிற விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் அவன் தெருவுக்கு வந்துவிடுவான். எலி பிடிக்கிற பூனை என்று கேள்விப்பட்டு மண்டிக்காரர்கள் கேட்பார்கள். எலி மருந்து வைக்கிற குடோனுக்குக் கொடுக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் அதே கதி. புது வீட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவன் படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். சீக்கிரம் வெளியே விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடுவான்.

மகளிடம் பூனை ஓடிப்போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாட்டியின் மூச்சுத் திணறலும் புரியும், செம்பனுக்கு வேறு வீடு பார்த்திருப்பதும் புரியும். கொடுக்கிற நாளில் அவளையும் கூட்டிப்போய் அந்த வீட்டைக் காட்டுங்கள். அவன் எதைச் சாப்பிடுவான், எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்பதையெல்லாம் அவளே அவர்களிடம் சொல்லட்டும்.