வெளிநாட்டிலிருந்து விபிஎன் போட்டு சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி பார்க்கலாமா?

கேள்வி: பிரிட்டனில் குடியிருக்கிறேன். வேலைக்காக ஜனவரி முதல் நான்கு மாதம் வெளிநாட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து விபிஎன் போட்டு, ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி ஆட்டங்களை நேரலையில் பார்க்க முடியுமா? இலவச விபிஎன் போதுமா? சட்டச் சிக்கல் வருமா?

பார்க்க முடியும். ஆனால் ஆட்டத்தின் எண்பது நிமிடமும் தடையில்லாமல் பார்க்க முடியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். 2025இல் நானும் இதே நிலையில் இருந்தேன். விபிஎன்னை நம்பி ஒரு ஆட்டத்தின் மிக நல்ல கட்டத்தை இழந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடக்கு வேல்ஸில், ப்ராட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகள் அங்கே தயாராகி, பெலூகா என்ற பெரிய சரக்கு விமானத்தில் ஏறி பிரான்ஸின் துலூஸ் நகருக்குப் போகும். அந்த வேலை தொடர்பாக ஜனவரி நடுவில் என்னையும் துலூஸுக்கு அனுப்பினார்கள். மனைவியும் பதினொரு வயது மகளும் வேல்ஸிலேயே இருந்தார்கள். மகள் பள்ளி அணியில் ரக்பி ஆடுகிறாள். வேல்ஸ் ஆடும் நாட்களில் நாங்கள் இருவரும் சோபாவின் ஒரே மூலையில் ஒடுங்கிக்கொண்டு எஸ்ஃபோர்சி சேனலில் வேல்ஸ் மொழி வர்ணனையோடு பார்ப்போம். மகள் படிப்பது வேல்ஸ் மொழிப் பள்ளி. எனக்கு அந்த மொழியில் பாதிதான் புரியும், ஆனால் ட்ரை விழும்போது (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை) வர்ணனையாளர் ‘கைஸ்!’ என்று கத்துவது புரியும். ட்ரைக்கு அவர்கள் சொல் அதுதான். துலூஸுக்குப் போகும்போது அந்தக் குரலையும் அந்த நேரத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போக ஆசைப்பட்டேன். விபிஎன் வாங்கியது அதற்காகத்தான்.

விபிஎன் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் பாதியில் அறுந்துபோகிறது என்பதும் புரியும். இணையத்தில் நீங்கள் எதைக் கேட்டாலும் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி கூடவே போகிறது. அந்த முகவரி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை ஒளிபரப்பாளர் ஒரு பட்டியலில் பார்த்துக்கொள்கிறார். விபிஎன் உங்கள் கோரிக்கையைப் பூட்டி, லண்டனிலோ மான்செஸ்டரிலோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து கேட்பதுபோலக் கேட்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த சர்வர் யாருடைய வீட்டிலும் இல்லை. அது ஒரு தரவு மையத்தில் இருக்கிறது, அதன் முகவரியை ஒரே நேரத்தில் பல நூறு பேர் பயன்படுத்துகிறார்கள். ஒரே முகவரியிலிருந்து இத்தனை பேர் ஒரே ஆட்டத்தைக் கேட்டால் ஒளிபரப்பாளருக்குத் தெரியாமல் போகுமா? அந்த முகவரியை அடைத்துவிடுவார்கள். விபிஎன் நிறுவனம் புதிய முகவரி வாங்கும், அதையும் அடைப்பார்கள். சாதாரணமான செவ்வாய்க்கிழமை மாலையில் நன்றாக ஓடும் விபிஎன், பெரிய ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை மதியத்தில் கைவிடுவதற்கு இந்த நெரிசல் ஒரு காரணம்.

கைப்பேசியில் பார்த்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சில செயலிகள் ஐபி முகவரியோடு நிற்காமல் ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் கேட்கின்றன. கட்டணச் சேவைகள் உங்கள் வங்கி அட்டை எந்த நாட்டில் தரப்பட்டது என்று பார்க்கின்றன. இவற்றை விபிஎன் பொதுவாக மாற்றுவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். முதல் ஆட்டம் ஜனவரி 31, வெள்ளி இரவு, பாரிஸில். பிரான்ஸ் 43, வேல்ஸ் 0. விபிஎன் ஒரு முறைகூடத் தடங்கவில்லை. அடுத்து ரோம், இத்தாலியிடம் 22-15 தோல்வி. அதற்கு மூன்று நாள் கழித்துப் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் பதவியை விட்டு விலகினார். அப்போதும் படம் ஒழுங்காக வந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆட்டம் பார்க்கும்போது மகளோடு பேசுவதற்காகக் கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்திருப்பேன். வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியதும் இணைய நேரலைதான், ஆனால் எனக்கு வந்த படம் அதைவிட இருபது நொடி பின்னால் இருந்தது. அவள் பெருமூச்சு விட்ட பிறகுதான் என் திரையில் பந்து கைநழுவும். என்ன நடக்கப்போகிறது என்பது அவள் மூச்சிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆட்டம் பிப்ரவரி 22, கார்டிஃபில் அயர்லாந்தோடு. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி, தற்காலிகப் பயிற்சியாளர், எதிரில் பலமான அயர்லாந்து. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இடைவேளைக்குச் சற்று முன் அயர்லாந்தின் கேரி ரிங்ரோஸ் சிவப்பு அட்டை வாங்கினார். கேப்டன் ஜாக் மார்கன் ட்ரை போட, இடைவேளையில் வேல்ஸ் 13-10 என்று முன்னிலையில் இருந்தது. தேநீர் போட எழுந்தேன். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று இரண்டு வரி. வேறு சர்வருக்கு மாற்றினேன், அதே வரி. மூன்றாவது சர்வர், அதே வரி. கெட்டிலிலிருந்து ஊற்றிய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது கைப்பேசியிலிருந்து மகள் வீறிட்டாள்: “அப்பா, கைஸ்! டாம் ராஜர்ஸ்! மூலையில் பாய்ந்து போட்டுவிட்டார், பார்த்தீர்களா?” வேல்ஸ் 18, அயர்லாந்து 10. நான் பார்க்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் அயர்லாந்து 27-18 என்று வென்றது. நான் இழந்தது அந்தப் பருவத்திலேயே எங்களுக்கு மிக நம்பிக்கை தந்த சில நிமிடங்களை.

மறுநாள் கீழ்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுவதும் துலூஸ் அணியின் ரசிகர். அவர் வியப்போடு கேட்டார்: “ஆட்டம் பிரான்ஸ் 2இல் வந்ததே, நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை?” பிரான்ஸில் சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்டங்கள் பதினைந்தும் பொதுத் தொலைக்காட்சியில் இலவசமாக வருகின்றன. இணையத்திலும் அவர்களுடைய தளத்தில் இலவசம். முன்பு ஆண்டுக்கு 138 யூரோ தொலைக்காட்சி வரி இருந்தது, 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ரக்பியை உயிராக நினைக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, லண்டன் சர்வர் வழியாகச் சுற்றி வந்திருக்கிறேன்.

எனவே விபிஎன் வாங்குவதற்கு முன், போகும் நாட்டில் ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். போட்டியின் அதிகாரபூர்வத் தளத்தில் நாடுவாரியாகப் பட்டியல் போடுவார்கள். அயர்லாந்து போனால் அங்கும் தொலைக்காட்சியில் இலவசமாகப் பார்க்கலாம். நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் பெரும்பாலான பன்னாட்டு ரக்பி கட்டணச் சேனல்களில்தான் வரும், ஆனால் ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியும். வர்ணனை உங்கள் மொழியில் இருக்காது. அது எனக்கும் பெரிய குறையாகத்தான் இருந்தது. ஆனால் பிரெஞ்சில் ட்ரைக்கு ‘எஸே’ என்பார்கள், இரண்டாவது ஆட்டத்திலேயே காது பழகிவிடும்.

இனி சட்டம். பெரும்பாலான நாடுகளில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. பிரிட்டனிலும் பிரான்ஸிலும் அலுவலகங்களே அதைத் தருகின்றன. ஆனால் பிபிசியின் இணைய ஒளிபரப்புச் சேவையான ஐபிளேயரை பிரிட்டனுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்பது அவர்களுடைய விதி. பிரிட்டனின் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டியிருந்தாலும் (2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டு ஆனது) அந்த விதி மாறாது. ‘நான்தான் பணம் கட்டியிருக்கிறேனே’ என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது மனசாட்சிக்குத்தான் பதில், விதிக்குப் பதில் ஆகாது. விதிப்படி செய்யக்கூடிய ஒன்று உண்டு: பிரிட்டனில் இருக்கும்போது ஐபிளேயர் செயலியில் தரவிறக்கிய நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் பார்க்கலாம். நேரலைக்கு அது உதவாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிலைமை வேறு. 2018 ஏப்ரல் முதல், ஓர் உறுப்பு நாட்டில் கட்டணச் சந்தா வைத்திருப்பவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால் அதே சேவையை அங்கும் பார்க்கலாம். 2020 இறுதியோடு பிரிட்டன் அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் கதவு மூடிவிட்டது.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் என்றால் தயவுசெய்து கவனமாக இருங்கள். அங்கே 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டத்தின்படி, ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தாலோ குற்றத்தை மறைத்தாலோ சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எது குற்றம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள் என்பதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு எந்த ஆட்டமும் பெரிதில்லை. சீனா, ரஷ்யா, ஈரான் போன்ற நாடுகளிலும் விபிஎன்னுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. இந்தியாவில் தடை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் அரசு உத்தரவிட்டதும், பெரிய விபிஎன் நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை அங்கிருந்து எடுத்துவிட்டன.

இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். சர்வரும் இணையக் கொள்ளளவும் பணம் தின்பவை. உங்களிடம் வாங்காவிட்டால் வேறு எங்காவது வாங்குவார்கள். ஹோலா என்ற பிரபலமான இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015இல் வெளியே வந்தது. யாரோ ஒருவர் செய்யும் வேலைக்கு உங்கள் வீட்டு முகவரி பதிவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிலர் வீட்டு ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை அமைத்து, தங்கள் சொந்த வீட்டு முகவரி வழியாகப் பார்க்கிறார்கள். அதில் அடைபடும் வாய்ப்பு மிகக் குறைவு. வங்கி வேலைக்கும் வீட்டுக் கேமராவுக்கும் நானும் அதை வைத்திருக்கிறேன், அதற்கு அருமையான ஏற்பாடு. படம் பார்க்க நினைத்தால் வீட்டின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நொடிக்கு 9 மெகாபிட்தான். தெளிவான படத்துக்கு அதில் பாதிக்கு மேல் போய்விடும், அதே நேரத்தில் வீட்டில் யாராவது காணொளி அழைப்பில் இருந்தால் இரண்டும் திணறும். மேலே சொன்ன ஐபிளேயர் விதி இதற்கும் பொருந்தும். அதனால் ஆட்டத்துக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை.

இன்னொன்று: உலக ரக்பி அமைப்பே 2023 முதல் ரக்பிபாஸ் டிவி என்ற இலவசத் தளத்தை நடத்துகிறது. சிக்ஸ் நேஷன்ஸுக்கு அதை நம்ப வேண்டாம். ஆனால் உலகக் கோப்பை போன்ற சில போட்டிகள், உரிமையை யாரும் வாங்காத நாடுகளில் அங்கே கிடைத்திருக்கின்றன. கணக்கு ஒன்று தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்குள் 2026 முதல் சிக்ஸ் நேஷன்ஸின் பத்து ஆட்டங்கள் ஐடிவியிலும் ஐந்து பிபிசியிலும் வருகின்றன. வீட்டில் இருப்பவர்களோடு ஒத்துப் பார்க்க நினைத்தால் அந்தப் பங்கீடும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். கீழ்வீட்டுப் பெரியவர் பழைய ஆண்டெனா கம்பி ஒன்றைக் கொடுத்தார். என் அறைத் தொலைக்காட்சியின் பின்னால் தூசி படிந்த துளை ஒன்று இருந்தது, அதில் செருகினோம். பிரான்ஸ் 2 பளிச்சென்று வந்தது. மார்ச் 8இல் எடின்பரோவில் வேல்ஸ் 35-29 என்று போராடித் தோற்ற ஆட்டத்தை அதில்தான் பார்த்தேன். அன்றுதான் ஒன்று புரிந்தது. ஆண்டெனா வழியாக வரும் படம் இணைய நேரலையை விட வேகமானது. இப்போது நான் மகளுக்கு முப்பது நொடி முன்னால் இருந்தேன்.

மார்ச் 15, கடைசி ஆட்டம், கார்டிஃபில் இங்கிலாந்தோடு. துலூஸில் மாலை 5.45. அன்று இங்கிலாந்து பத்து ட்ரை போட்டது. ஒவ்வொன்றும் எனக்கு முதலில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் உதட்டை மடித்துக்கொண்டு, கைப்பேசியில் அவள் தலையணையைக் குத்தும் சத்தம் வரும்வரை காத்திருந்தேன். 68-14. வேல்ஸ் போட்டது இரண்டே ட்ரை. முதலாவது விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நொடி, இருபது நொடி. அங்கே அவளுக்கு இன்னும் பந்து நடுக்களத்தில்தான் இருந்திருக்கும். பிறகு வர்ணனையாளரின் குரலும் மகளின் குரலும் ஒன்றாகக் கேட்டன: “கைஸ்!”