நுவரெலியாவில் ஆறு அறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி காசு அனுப்புகிறான். நுவரெலியாவில் ஆறு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்று ஐந்து வருடக் குத்தகைக்கு வருகிறதாம். ‘கொரோனா எல்லாம் முடிந்த கதை, இப்ப வெள்ளைக்காரர் குவிகிறார்கள்’ என்கிறார் தரகர். நீங்கள் வான் ஓடியவர், அந்த ஊரை அறிந்தவர். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, தரகர் சொன்னதில் பொய் இல்லை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்து 33 ஆயிரம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு சரிவு தொடங்கியது. பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் மொத்தமே 1 இலட்சத்து 94 ஆயிரம். 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரமாக ஏறிவிட்டது. ஆனால் இது முழு நாட்டின் கணக்கு. கண்டிக்கும் எல்லவுக்கும் இடையில் ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ரயில் ஏறுகிற வெள்ளைக்காரரை நம்பி ஆறு அறையை ஓட்ட முடியாது.

கொரோனாவுக்குப் பிறகு அந்த ஊரை முதலில் எழுப்பிவிட்டது நம்முடைய யாழ்ப்பாணச் சனம்தான். கொண்டாவிலில் இருந்து 19 வருடம் ஹையேஸ் ஓடினேன். ஹக்கல வீதியில் நான் வழக்கமாக ஆட்களை இறக்கும் விடுதியில், படியேறும் இடத்தில் ஒரு பலகை தொங்கும்: ‘அறைக்குள் சமைக்கக் கூடாது’. மூன்று மொழியில் எழுதியிருந்தாலும் அது யாருக்கென்று எங்களுக்குத் தெரியும். அரிசி, கேஸ் அடுப்பு, மிளகாய்த்தூள் போத்தல், உரித்த வெங்காயம் என்று கட்டிக்கொண்டு மலையேறுகிற ஆட்கள் வேறு யார்? சீசன் நேரத்தில் ‘யாழ்ப்பாண வானா, றூம் இல்லையே’ என்று முதலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் உண்டு.

2021 கடைசியில், மாகாணம் விட்டு மாகாணம் போகக் கூடாது என்ற கொரோனாத் தடையை எடுத்த கையோடு அவரே போன் எடுத்தார். “அண்ணே, ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாங்க. அடுப்பு கொண்டு வந்தாலும் பரவாயில்ல.” போய்ப் பார்த்தால் பலகை இல்லை. சுவரில் ஆணியும், பலகை இருந்த இடத்தில் வெளிறாத ஒரு சதுரமும்தான். அந்த மார்கழியில் மூன்று முறை ஏறி இறங்கினேன்.

சரி, மூச்சு வந்துவிட்டது என்று இருந்தோம். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. என்னைக் கேட்டால் கொரோனாவை விட அதுதான் பெரிய அடி. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்த புதிதில் வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து நுவரெலியா ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்த டீசல் தம்புள்ளைக்கே போதாது. கொரோனாக் காலத்தில் லீசிங் தவணையைத் தள்ளிப்போட விட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன், தள்ளிப்போட்டதற்கும் வட்டி ஏறியது பிறகுதான் தெரிந்தது. அந்த வருட முடிவில் வானை விற்று லீசிங்கை முடித்தேன்.

விடுதிக்காரருக்கு வேறு வில்லங்கம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் ஏறியது. பிறகு குறைத்தார்கள்தான். ஆனால் ஆறாயிரம் அடி உயரத்தில் சுடுதண்ணீர் இல்லாமல் யார் குளிப்பது? அவர் காலை 5 மணியில் இருந்து 7 மணி வரை மட்டும் கீசரைப் போட்டார். ஏழு பத்துக்குக் குளிக்கப் போன எங்கள் மாமி போட்ட சத்தம் சீதா எலிய கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே வேலை பழகிய இரண்டு பெடியன்களும் கட்டாருக்குப் போய்விட்டார்கள். இப்போது கட்டில் விரிப்பது முதலாளி, சமைப்பது அவர் மனைவி. வருகிறவர் தொகை கூடினாலும் கை தேர்ந்த வேலையாள் கிடைப்பதில்லை. இதைத் தரகர் சொல்லமாட்டார்.

ஆகவே பன்னிரண்டு மாத மின்சார பில்லையும் தங்கியவர் பதிவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். சீசன் மாதமான ஏப்ரல் பக்கங்களை விட்டுவிட்டு மற்றதைப் புரட்டுங்கள். ஜூன் மாத மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை போய் வாசலில் எத்தனை வாகனம் நிற்கிறது என்று எண்ணுங்கள். திரும்பவும் ஊரை மூடினால் குத்தகைக் காசு என்னாகும் என்பதை நொத்தாரிசிடம் சொல்லி உறுதியில் எழுதுவியுங்கள். வீட்டுக்காரர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் தம்பியின் காசு வங்கியிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: நுவரெலியா ஏறும் வழியில் ரம்பொடை வளைவுகளில் பூங்கொத்தோடு ஓடிவரும் பெடியன்கள் இன்னும் இருக்கிறார்களா?
- ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: இருக்கிறார்கள். வான் வளைந்து வளைந்து போகும், அவன் தேயிலைக்குள்ளால் குறுக்கே பாய்ந்து அடுத்த வளைவில் சிரித்துக்கொண்டு நிற்பான். 2021இல் போனபோது ஒருவன்தான் நின்றான், மாஸ்க் தாடையில். பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன். “போன் இல்ல, மாமா” என்றான். ஒன்லைன் வகுப்பு நடந்த காலம் அது. இரண்டு கொத்து வாங்கினேன்.

கேள்வி: இந்தியர்கள் வருவதால் மலையகத்துக்கு இலாபமா?
- ஒரு வாசகர், நல்லூர்

பதில்: 2023இலும் 2024இலும் அதிகம் வந்தவர்கள் அவர்கள்தான். சீதா எலியவில் உள்ள சீதை அம்மன் கோயிலுக்கு 2024 மே மாதம் கும்பாபிஷேகமும் நடந்தது. சைவச் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

கேள்வி: குடும்பமாகப் பன்னிரண்டு பேர். எப்போது போகலாம்?
- ஒரு வாசகி, உடுவில்

பதில்: பெப்ரவரி, மார்ச். வானம் வெளித்திருக்கும், அறையும் மலிவு. பெப்ரவரி என்றால் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம், விடியற்காலையில் உறைபனியும் விழும். ஏப்ரலில் போனால் கிரகரி வாவியைச் சுற்றி வாகன வரிசையைத்தான் பார்ப்பீர்கள். சமைக்கிற யோசனை இருந்தால் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். கடந்த ஓகஸ்டில் மருமகனின் காரில் போனபோது அந்தப் பலகை பழைய ஆணியில் மறுபடி தொங்கியது, புதுப் பெயின்ற் அடித்து.