அபாயா, செருப்பு, ஹீல்ஸ் சத்தம்: எது சரி?

கேள்வி: எனக்குக் கீழக்கரை. சென்னையில் வேலை பார்க்கிறேன். அபாயாவுடன் திறந்த செருப்புதான் போடுகிறேன். பாதம் தெரியக்கூடாது என்கிறார் உம்மா. ஹனஃபியான அறைத்தோழியோ பரவாயில்லை என்கிறாள். ஹீல்ஸ் போடலாமா என்பதும் சந்தேகம்.

பதில்: உங்கள் உம்மா சொல்வதும் சரி, தோழி சொல்வதும் சரிதான் சகோதரி. ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட வழி) ஏற்கப்பட்ட கருத்துப்படி பெண்ணின் பாதம் அவ்ரத், அதாவது மறைக்க வேண்டிய பகுதி, அல்ல. ஷாஃபி மத்ஹபில் பாதமும் அவ்ரத். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஷாஃபி வழிதான். நீங்கள் அதைப் பின்பற்றுங்கள். தோழியைக் குறை சொல்லாதீர்கள்.

ஆடையைத் தரையில் இழுத்து நடக்கும் பெருமையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தபோது, பெண்கள் என்ன செய்வது என்று அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) கேட்டார்கள். ஒரு சாண் இறக்கிக்கொள்ளட்டும் என்றார்கள் நபியவர்கள். அப்போதும் பாதம் தெரியுமே என்று உம்மு ஸலமா விடவில்லை. சரி, ஒரு முழம், அதற்கு மேல் வேண்டாம் என்று பதில் வந்தது. திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. ஆனால் ஒரு முழத் துணியை இழுத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறுவது ஆபத்து. எஸ்கலேட்டர் பல்லில் ஓரம் மாட்டினால் ஆளையே தள்ளிவிடும். அபாயா கணுக்கால் வரை இருக்கட்டும், பாதத்தைக் காலுறை மறைக்கட்டும். தோல் நிறம் தெரிகிற மெல்லிய நைலான் போதாது. கொஞ்சம் தடித்த பருத்திக் காலுறை, அதன்மேல் உங்கள் செருப்பையே போடலாம். கட் ஷூ என்றால் இன்னும் வசதி.

அடுத்து ஹீல்ஸ். மறைத்திருக்கும் அலங்காரம் தெரியும்படி கால்களைத் தட்டி நடக்க வேண்டாம் என்கிறது குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம். அன்று அது கொலுசைப் பற்றியது. பிறரைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காகவே டக் டக்கென நடப்பதும் அதில் அடங்கும் என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது. உயரத்துக்கு வருவோம். குள்ளமான பெண்ணொருத்தி மரக்கால் அணிந்து நடந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி, தன்னை அடையாளம் தெரியாமல் மறைத்துக்கொள்வது போன்ற நல்ல நோக்கம் என்றால் குற்றமில்லை, பகட்டுக்கும் ஏமாற்றுக்கும் என்றால் ஹராம் என்கிறார். எனவே ஹீல்ஸ் என்றாலே பாவம் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

வேண்டுமென்றே இல்லாமல் சத்தம் வந்தால், முதலில் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஹீல் நுனி ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் ஆணி தரையில் தட்டிக்கொண்டிருக்கும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் புது ரப்பர் அடித்துத் தருவார்.

அப்புறம், அலுவலகத்தில் உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) எடுக்கும்போது இந்தப் பருத்திக் காலுறைமேல் ஈரக்கையால் தடவினால் செல்லாது. கழற்றிக் காலைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொழுகைக்குத் திரும்ப அணியுங்கள். தொழுகையிலும் உங்களுக்குப் பாதம் மறைய வேண்டும். பையில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். சென்னை வியர்வைக்கு மதியத்துக்குள் ஒரு ஜோடி நனைந்துவிடும்.