புதிய மொழிப் பள்ளியில் ஆசிரியர் வேலை நிலைக்குமா?

இப்போதுதான் திறந்திருக்கும் தனியார் மொழிப் பள்ளியில் சேர்ந்தால் வேலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் முதல் ஆண்டில் அதை நம்பிப் பெரிய கடன் எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் மாணவர்கள் முன்கூட்டியே கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. அந்தப் பணம் வாடகைக்கும் விளம்பரத்துக்கும் கரைந்த பிறகு புதிய சேர்க்கையும் குறைந்தால், முதலில் தள்ளிப்போவது ஆசிரியர் சம்பளம். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஜப்பானின் நோவா மொழிப் பள்ளிகள் 2007 அக்டோபரில் நொடித்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு தவித்தார்கள்.

ஒப்பந்தத்தில் மிக முக்கியமானது, வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்பதுதான். எடுத்த வகுப்புக்கு மட்டுமே பணம் என்றால், உங்களை வேலையை விட்டு நீக்காமலேயே வருமானத்தை நிறுத்திவிட முடியும். தகுதிகாண் காலம், நீக்குவதற்கான முன்னறிவிப்பு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வெளிநாட்டு வேலை என்றால், பள்ளி மூடினால் விசா என்னவாகும் என்றும் விசாரியுங்கள்.

சம்பளம் ஒருமுறை தாமதமானால் நேரடியாகக் காரணம் கேளுங்கள். அடுத்த மாதமும் அப்படியே என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.